லாப்ரடார் வளர்ப்பவர்களின் கேள்விகள்

(கால்நடை மருத்துவர் பதில்கள்)

இந்தக் கோடையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லாப்ரடார் பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அவர்களுக்கே. மற்ற நாய்கள், பூனைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ப்ரூனோவுக்கு நான்கு வயது. கறுப்பு லாப்ரடார். 46 கிலோ இருக்கிறான். "லேப் என்றாலே குண்டாகத்தான் இருக்கும், விடுங்கள்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். எவ்வளவு போட்டாலும் தட்டை நக்கிவிட்டு மறுபடி வந்து நிற்கிறான். பசியோடு நிற்கும் பிள்ளையை எப்படிப் பட்டினி போடுவது, டாக்டர் அம்மா?
– வாசகி, விருதுநகர்

முதலில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னதை விட்டுவிடுங்கள். லேப் குண்டாக இருக்க வேண்டிய இனமே இல்லை. கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வளர்த்த நாய்களின் வழி வந்தது இது. ஐஸ் தண்ணீரில் குதித்து வலையையும் நழுவிய மீனையும் இழுத்து வந்த நாய்கள் அவை. பிறகு பிரிட்டனில் வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்தைக் காயப்படாமல் கவ்விக் கொண்டுவரப் பழக்கினார்கள். நாள் முழுக்க ஓட, நீந்தப் பிறந்த உடம்பு. ஆண் என்றால் 29 முதல் 36 கிலோ, பெண் என்றால் 25 முதல் 32 கிலோ. ப்ரூனோ நல்ல பெரிய எலும்புக்காரன் என்றே வைத்துக்கொண்டாலும் பத்து கிலோ கூடுதலாகச் சுமக்கிறான்.

அடுத்தது, அவன் வந்து நிற்கிறானே, அது. பெரும்பாலும் அது பசியே இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். "வயிறு நிறைந்தது, போதும்" என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் பங்குள்ள ஒரு மரபணுவின் சிறு துண்டு பல லாப்ரடார்களிடம் காணாமல் போயிருக்கிறது. பிரிட்டனில் பார்த்தவரை ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் இந்தக் குறை இருந்தது. அந்த நாய்கள் எடை கூடியும் இருந்தன, சாப்பாட்டுக்காக அதிகம் கெஞ்சவும் செய்தன. ஆகவே அந்தப் பார்வையை அளவுகோலாக வைத்துக்கொண்டால் நீங்கள் ஒருநாளும் போதுமான அளவு போட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்குத் தெரிந்த நாய் ஆய்வுகளிலேயே எல்லா லேப் வீடுகளுக்கும் சொல்ல வேண்டியது இன்னொன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று சாப்பிட்ட அளவில் முக்கால் பங்கை மட்டும் மற்றதற்குக் கொடுத்து, கடைசிவரை கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நிறையச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டிய வயது, 11.2 வருடம். முக்கால் பங்கு சாப்பிட்டவற்றுக்கு 13. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதல். மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் மெலிந்த நாய்களுக்கு மூன்று வருடம் தள்ளித்தான். ஒரு மருந்தும் இல்லாமல், தட்டில் கொஞ்சம் குறைத்ததால் கிடைத்த இரண்டு வருடம் அது. உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கிற இரண்டு வருடம்.

சரி, எப்படிக் குறைப்பது? உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். காலையில் பால், அப்பா கையால் டீயில் தோய்த்த பிஸ்கட், மதியம் சோறும் சிக்கனும், பாட்டி சாப்பிட்டு எழும்போது ஒரு உருண்டை தயிர் சாதம், மாலையில் பையனோடு மிக்சர், இரவு மறுபடி சோறு. சோறும் சிக்கனும் கண்ணுக்குத் தெரிகிற சாப்பாடு. அவனை 46 கிலோ ஆக்கியதில் மற்றவற்றுக்குத்தான் பெரிய பங்கு. பாலை முழுசாக நிறுத்துங்கள், வளர்ந்த நாய்க்கு அது தேவையில்லை, பலதுக்குச் செரிப்பதும் இல்லை. காலையிலேயே அவனுடைய நாள் முழுச் சாப்பாட்டையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். யார் ஆசையாக எது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. பாட்டியிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, "டாக்டர் எழுதியிருக்காங்க" என்று இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணி சேர்க்கலாம். தட்டு நிறையும், எடை ஏறாது.

வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். வீட்டு எடை மெஷினில் அவனைத் தூக்கிக்கொண்டு நிற்க உங்களால் முடியாது. பக்கத்து அரிசி மண்டியில் மூட்டை போடும் தராசு இருக்கும், கேட்டால் மறுக்க மாட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏற்றி நிறுத்திக் குறித்து வையுங்கள். கையாலும் பாருங்கள். உங்கள் கையை விரித்து, புறங்கை முட்டிகளின் மேல் மறு கை விரல்களை ஓட்டுங்கள். ப்ரூனோவின் விலா எலும்புகள் அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் இன்னும் இறங்க வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தும் அசையவில்லை, முடி கொட்டுகிறது, எப்போதும் தூக்கம் என்றால் தைராய்டு பரிசோதனை செய்துவிடுவோம்.

ஒன்று மட்டும் கூடவே. சாம்பார், குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

மூன்று மாத லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறோம். கால்சியம் சிரப் தினமும் இரண்டு வேளை கொடுக்கச் சொன்னார் விற்றவர். வீடு முழுக்க டைல்ஸ், மாடிப்படியும் உண்டு. பின்னங்கால் இரண்டையும் ஒருபக்கமாகப் போட்டு உட்காருகிறது. இடுப்பு எலும்பு நோய் வருமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

குட்டி என்ன சாப்பிடுகிறது என்று எழுதவில்லையே! சிரப் வேண்டுமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

பெரிய இனக் குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் உணவு கொடுக்கிறீர்கள் என்றால் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். அந்த உணவிலேயே கால்சியம் அளவாக இருக்கிறது. குட்டியின் குடலுக்கு, "இது போதும், மிச்சம் வேண்டாம்" என்று தள்ளிவிடத் தெரியாது. கொடுத்ததில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பலம் சேரட்டும் என்று ஊற்றுகிற கால்சியமே எலும்பு கோணலாக வளரக் காரணமாகிவிடும். மாறாக வீட்டில் வெறும் சோறும் எலும்பில்லாத சிக்கனும்தான் என்றால், அதில் கால்சியம் மிகக் குறைவு. அப்படி வளர்ந்த குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து, சும்மா குதித்ததற்கே முறிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது கால்சியம் வேண்டும்தான், ஆனால் குட்டியின் எடைக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் போட்டு உங்கள் டாக்டர் எழுதித் தரும் அளவில். எல்லாக் குட்டிக்கும் ஒரே மாதிரி இரண்டு வேளை ஒரு மூடி என்பது சரியான முறையே அல்ல.

இடுப்பு மூட்டுக்கு வருவோம். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்புக் குழியில் கச்சிதமாக உட்கார வேண்டும். சில குட்டிகளுக்கு அது தளர்வாக அமைந்துவிடுகிறது. ஆடி ஆடி உரசித் தேய்ந்து, பிறகு வலி. லாப்ரடாரில் இது பரம்பரையாக வருவது. ஆனால் பரம்பரையோடு வளர்ப்பும் சேர்ந்துதான் நோயாகிறது. நார்வேயில் லாப்ரடார் உட்பட நான்கு பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் எழுதினார்கள். மூன்று மாத வயதுக்கு முன் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்த ஆபத்து கூடியிருந்தது. கட்டாமல் வெளியில் மண்ணிலும் புல்லிலும் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைந்திருந்தது. ஆகவே படிக்கட்டுக்கு ஒரு கம்பிக் கதவோ பலகையோ வையுங்கள், இன்னும் சில மாதம் தூக்கிக்கொண்டே ஏறுங்கள். டைல்ஸில் அது ஓடித் திரும்பும் இடங்களில் அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளைப் போடுங்கள். வெறும் சாக்கு வழுக்கிக்கொண்டே போகும், உதவாது. காலை மாலை மண் தரையில் அதன் இஷ்டத்துக்கு ஓட விடுங்கள், களைத்துப் படுத்தால் படுக்கட்டும். பைக்கில் கட்டி ஓட்டிப் பழக்குவது மட்டும் கூடவே கூடாது.

ஒருபக்கமாக உட்காருவதைக் குட்டிகள் நிறையச் செய்யும், அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம். ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறதா, படுத்து எழச் சிரமப்படுகிறதா, காரில் ஏறத் தயங்குகிறதா என்று பாருங்கள். ஐந்து மாத வயதுக்கு மேல் முன்னங்காலை நொண்டினால் முழங்கை மூட்டு, அதுவும் லாப்ரடாருக்கு வழக்கமானது, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அறிகுறி எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு வயது தாண்டியதும் மயக்கம் கொடுத்து இடுப்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். குட்டி போட விடும் எண்ணம் இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். விற்கிறவரிடம் தாய், தகப்பன் இரண்டின் எக்ஸ்ரேயைக் கேட்கும் பழக்கம் நம் ஊரில் வர வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லி வருகிறேன். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே எடுத்துக் காட்டுவார்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வரி. பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை. ரேபிஸ் மூன்றாம் மாதம். எலிக்காய்ச்சல் ஊசி இரண்டு தவணை, பிறகு வருடா வருடம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டால் நல்லது. தேங்கிய தண்ணீரைக் கண்டால் லாப்ரடார் இறங்காமல் வராது, அந்தத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும்.

வேலூர் வெயிலில் எங்கள் லேப் படுகிற பாடு தாங்கவில்லை. மொட்டை அடித்துவிடலாமா? போன வாரம் மாலை நான்கு மணிக்குப் பந்து போட்டு விளையாடும்போது பின்னங்கால் துவண்டு விழுந்துவிட்டான். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டான்.
– வாசகர், வேலூர்

மொட்டை வேண்டாம். தினமும் சீப்பு போட்டு உள்முடியை உதிர்த்துவிட்டாலே காற்றுப் புகும். மொட்டை அடித்தால் தோல் வெயிலில் நேராகக் காயும், முடியும் பழையபடி ஒழுங்காக வளராமல் போகலாம்.

துவண்டு விழுந்ததுதான் முக்கியம். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று வெப்பத் தாக்கு. கோடையில் வேலூரில் மாலை நான்கு மணி விளையாடும் நேரமே இல்லை. காலை ஆறு மணிக்குள், இரவு எட்டுக்கு மேல், அதுவும் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து, சுடாமல் வைத்திருக்க முடிந்தால் மட்டும். இன்னொன்று லாப்ரடாரில் அதிகம் காணப்படும் ஒரு பரம்பரைக் குறை. நன்றாக இருக்கும் இளம் நாய், உற்சாகமாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வேகமாக ஓடியதும் பின்பக்கம் தள்ளாடி விழும், அரை மணிக்குள் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்துவிடும். இதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் கண்டுபிடித்தார்கள், பரிசோதனையும் உண்டு. மருந்து கிடையாது. பந்து எறிவதை விட்டு நிதானமான நடைக்கு மாறினால் இந்த நாய்கள் நன்றாகவே வாழும். விழுந்தும் ஓடவிட்டால் செத்துப் போகவும் கூடும். எதுவாக இருந்தாலும் இதய ஒலியையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள்.

மறுபடி விழுந்தால் முதலில் குளிர வைக்க வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஃபேன் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 103.5-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். எழுந்து வாலாட்டினாலும் ஏற்றுங்கள், சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

எங்கள் சாக்லேட் லேப் குளத்தில் தினமும் நீந்துவாள். காதில் கெட்ட வாடை, பழுப்பாக அழுக்கு, தலையை உதறிக்கொண்டே இருக்கிறாள். சொட்டு மருந்து போட்டால் சரியாகி, மறுபடி வருகிறது.
– வாசகி, நாகர்கோவில்

தொங்கும் காது, உள்ளே ஈரம், வெளியே நம் கடலோரப் புழுக்கம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் பெரும்பாலும் பூஞ்சைதான். நீந்தி வந்ததும் காதை மடித்துத் திறந்து, பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் வரை மட்டும் துடைத்து, டாக்டர் தரும் காது கழுவும் மருந்தை விட்டு, அடிக்காதை மெதுவாகப் பிசைந்து, உதற விடுங்கள். பட்ஸ் உள்ளே விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம்.

மறுபடி மறுபடி வருகிறது என்றால் காது ஒரு அறிகுறிதான், உள்ளே ஒவ்வாமை இருக்கும். பாதத்தை நக்குகிறாளா, அக்குள், வயிற்றுப் பக்கம் சிவக்கிறதா பாருங்கள். ஆமென்றால் அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்காமல் காது ஓயாது. பழைய சொட்டு மருந்தை நீங்களே எடுத்து ஊற்றாதீர்கள். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் சில மருந்துகள் காதையே செவிடாக்கும். பிரிட்டனில் லாப்ரடார்களின் மருத்துவக் குறிப்புகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், கறுப்பு, மஞ்சள் நிறத்தவற்றைவிடச் சாக்லேட் நிறத்தவற்றுக்குக் காது நோயும் தோல் நோயும் கூடுதலாக இருந்தன, ஆயுளும் ஒரு வருடத்துக்கு மேல் குறைந்திருந்தது. நிறத்துக்காகவே தேர்ந்து தேர்ந்து இணை சேர்த்ததன் விளைவாக இருக்கலாம் என்றார்கள். அடுத்த குட்டி வாங்கும்போது நினைவில் வையுங்கள். இவளுக்கு வாரா வாரம் காதைப் பார்த்துவிடுங்கள், நீச்சலை நிறுத்த வேண்டாம். மூட்டுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. என்றாவது நீந்திய மறுநாள் வால் அடியிலிருந்து தொங்கிப் போய், தொட்டால் கத்தினால், வால் தசைப் பிடிப்பாக இருக்கும், ஓய்வில் சில நாளில் சரியாகிவிடும்.

எல்லா ஊசியும் போட்டும் எங்கள் லேபுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, பிளேட்லெட் குறைந்து, மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. இப்போது தேவலை. மறுபடி வராமல் இருக்க?
– வாசகர், கோயம்புத்தூர்

நம் ஊரில் போடும் வழக்கமான ஊசிகளில் எதுவும் உண்ணிக் காய்ச்சலைத் தடுக்காது. உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் கிடைக்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பழுப்பு உண்ணி வருடம் முழுக்க இருக்கும், எனவே மாத்திரையும் வருடம் முழுக்க. ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில், கட்டிலுக்கு அடியில், கேட் கீலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கெல்லாம் மருந்து அடித்து, விரிசலைப் பூசிவிடுங்கள். நாய் மேல் மண்ணெண்ணெய், ஃபினாயில் தேய்க்காதீர்கள். உண்ணியை வெறும் விரலால் நசுக்காதீர்கள்.

இந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மருந்து 28 நாள் எழுதியிருந்தால் 28 நாளும் கொடுங்கள். நாலாம் நாள் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்துகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து அதைவிட மோசமான நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதுவும் கொடுக்கக் கூடாது.

ஏழு வயது ஜூலி. தீட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், சாப்பாடு வேண்டாம் என்கிறாள், லேசாக வயிறு உப்பியிருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்குத் தொலைபேசியில் அன்றே சொன்னேன், மற்றவர்கள் படிப்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். இது கர்ப்பப்பையில் சீழ் கட்டியதாக இருக்கலாம். கீழே சீழ் வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம், வடியாவிட்டால்தான் ஆபத்து அதிகம். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற நோய் இல்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், ஸ்கேன் எடுத்து அறுவை செய்வார்கள். குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் முன்கூட்டியே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்த நோய் வரவே வழியில்லை. லாப்ரடார் பெண்ணுக்கு ஒரு வயது முடிந்த பிறகு செய்வது மூட்டுகளுக்கு நல்லது. அறுவைக்குப் பின் எடை சுலபமாக ஏறும், விருதுநகர் வாசகிக்குச் சொன்ன டப்பா இவர்களுக்கும்.

மாங்கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டான். தானாக வெளியே வந்துவிடுமா?
– வாசகர், சேலம்

லாப்ரடாரின் குடலில் நான் கண்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் மே, ஜூன் மாதங்களில் மாங்கொட்டைதான் அதிகம். சிறிய கொட்டை சில சமயம் வந்துவிடும், பெரியது சிறுகுடலில் சிக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு ஏறியே உயிர் போகும். விழுங்கிய உடனே டாக்டரிடம் போனால் வயிற்றில் இருக்கும்போதே எடுக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயில் கொட்டை சரியாகத் தெரியாமல் போகலாம், ஸ்கேன் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர் கூடத் தங்கவில்லை, மலம் வரவில்லை, வயிற்றைத் தொட்டால் முறுக்குகிறான் என்றால் அடைத்துவிட்டது, அறுவைதான். இரண்டு நாள் தாமதித்தால் குடல் அழுகிவிடும், அப்போது கொட்டையோடு குடலையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். மாம்பழம் சாப்பிடும்போது அவனை வேறு அறையில் விடுங்கள். குப்பைத் தொட்டி காலால் மிதித்துத் திறக்கும் வகை வேண்டாம், அதை இரண்டே நாளில் கற்றுக்கொள்வான். சிங்க் அடியில் வைத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள்.